எல்லாம் நின்றுபோனால் உயிரைக் காக்கும் வேலைகள்

சமூகமே சரிந்து விழுந்தால் பிழைத்திருக்க என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டால், பலரும் துப்பாக்கி, பதுங்குகுழி, காட்டில் வேட்டை என்று ஆரம்பிக்கிறார்கள். நான் பொதுச் சுகாதாரச் செவிலியர். நிவாரண முகாம்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். என் பட்டியல் தண்ணீர்க் குடத்தில் தொடங்கி, கழிப்பறை வாளிக்குப் போய், அப்புறம்தான் மற்றவற்றுக்கு வரும். இப்படிப்பட்ட நேரங்களில் மக்கள் எதனால் சாகிறார்கள் என்பதை வைத்து நான் போட்ட வரிசை இது.

1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி, இன்றைய காங்கோ நாட்டில் உள்ள கோமா என்ற நகருக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் மாதத்திலேயே அவர்களில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது காலராவும் ரத்தபேதியும். போரிலிருந்து தப்பி வந்தவர்கள் அவர்கள். அவர்கள் குடித்த தண்ணீர் அவர்களைக் கொன்றது.

சரிவு என்றால் ஒரே இரவில் எல்லாம் இடிந்து விழுவது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஒவ்வொரு வசதியாக நிற்கும். 2017இல் மரியா புயலுக்குப் பிறகு கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் சில பகுதிகளுக்கு மின்சாரம் திரும்பி வர ஏறத்தாழ 11 மாதம் ஆனது. 2019 மார்ச்சில் வெனிசுவேலாவில் மின்சாரம் நின்றதும் மோட்டார்கள் நின்றன, குழாய்கள் வறண்டன. தலைநகர் கரகாஸில் மக்கள் சாக்கடை ஓடும் ஆற்றங்கரைக்குக் குடங்களோடு போனார்கள். மின்சாரம் போனால் தண்ணீர் போகும். தண்ணீர் போனால் கழிப்பறை போகும். அது போனால் நோய் வரும். கற்றுக்கொள்வதையும் அந்த வரிசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

முதலில் அளவு. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் வேண்டும் என்பது நிவாரணப் பணிகளில் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 60 லிட்டர், அதாவது 60 கிலோ எடை. அதைத் தினமும் தூக்கி வர வேண்டும், மாடி ஏற்ற வேண்டும். எனவே 20 லிட்டர் கேனை விட 10 லிட்டர் கேன் இரண்டு நல்லது. இரண்டு கையிலும் எடை சமமாக இருக்கும், வீட்டில் உள்ள சிறுவர்களும் ஒன்றைத் தூக்க முடியும். வாய் குறுகலாக, இறுக்கமான மூடியோடு இருக்க வேண்டும்.

தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரே வழி மட்டும் தெரிந்திருந்தால் போதாது. விறகு இல்லாத நாளும் வரும், பிளீச் தீர்ந்த நாளும் வரும்.

கலங்கலான தண்ணீரை முதலில் தெளிய விடுங்கள். தெளிந்த மேல்நீரைப் பல மடிப்பாக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வங்கதேசக் கிராமங்களில் நடந்த ஆய்வில், பழைய சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து வடிகட்டியவர்களிடையே காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி நுண்ணிய மிதவை உயிரிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை துணியில் சிக்கிவிடுகின்றன. ஆனாலும் துணி மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்ளக் கூடாது.

அடுத்தது கொதிக்க வைப்பது. தளதளவென்று கொதித்து 1 நிமிடம் இருந்தால் போதும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடம் வையுங்கள். பத்து, இருபது நிமிடம் கொதிக்க வைப்பது எரிபொருளை வீணாக்குவது. பஞ்ச காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

அடுப்பு மூட்ட முடியாவிட்டால் வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் திரவம் உதவும். போத்தலில் சோடியம் ஹைபோகுளோரைட் 5 முதல் 9 சதவீதம் என்று இருந்தால், தெளிந்த தண்ணீர் 1 லிட்டருக்கு 2 சொட்டு. கலங்கலாக இருந்தால் 4 சொட்டு. கலக்கி 30 நிமிடம் வைத்து முகர்ந்து பாருங்கள். லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வராவிட்டால் அதே அளவு இன்னொரு முறை சேர்த்து 15 நிமிடம் காத்திருங்கள். பிளீச் போத்தல் நாளாக ஆக வீரியம் இழக்கும், அதனால் வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். இந்த அளவு திரவத்துக்கு மட்டும்தான். பிளீச்சிங் பவுடரின் வீரியம் வேறு, அதற்கு இந்தச் சொட்டுக் கணக்கு பொருந்தாது. பிளீச்சோடு வினிகரையோ ஆசிட்டையோ அமோனியா கலந்த திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். வெளிவரும் வாயு நுரையீரலைப் பாழாக்கும்.

இரண்டும் இல்லையா? நிறமில்லாத பெட் போத்தல் (குடிநீர் விற்கும் பிளாஸ்டிக் போத்தல்), 2 லிட்டருக்கு மிகாதது, தெளிந்த தண்ணீர், நல்ல வெயில். படுக்கவைத்து 6 மணி நேரம். வானத்தில் பாதிக்கு மேல் மேகம் இருந்தால் 2 நாள்.

ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலைக் கழிவு, பூச்சிமருந்து, பெட்ரோல் கலந்த தண்ணீருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. கொதிக்க வைத்தால் நீர் வற்றி விஷம் இன்னும் அடர்த்தியாகும். எண்ணெய் படலமோ மருந்து நெடியோ இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

நான் முகாம்களில் திரும்பத் திரும்பப் பார்த்தது இன்னொன்று. தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிவிட்டு, அதற்குள் கையோடு டம்ளரை விட்டு மொள்வார்கள். அதோடு உழைத்தது அத்தனையும் வீண். குழாய் வைத்த பாத்திரம், இல்லாவிட்டால் சாய்த்து ஊற்றும் குறுகிய வாய்ப் பாத்திரம், இரண்டில் ஒன்றுதான் குடிநீருக்கு.

மலம்

இதைப் பற்றிப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். நான் கூச்சப்படப் போவதில்லை.

கழிவுநீர்க் குழாய் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தள்ளாதீர்கள். அடுக்குமாடியில் மேல் தளத்தில் தள்ளியது கீழ்த்தளத்துக் குளியலறையில் பொங்கி வரும். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சிறுநீருக்கு, ஒன்று மலத்துக்கு. இரண்டையும் கலக்காமல் இருந்தாலே நாற்றம் பெருமளவு குறையும், ஈயும் குறையும். மல வாளியில் கனமான பிளாஸ்டிக் பை விரித்து, ஒவ்வொரு முறையும் மரத்தூள், உலர்ந்த மண், சாம்பல் இவற்றில் எது கிடைக்கிறதோ அதைப் போட்டு முழுதாக மூடுங்கள். மேலே இறுக்கமான மூடி. சிறுநீரைத் தண்ணீர் கலந்து, கிணறு, ஓடைகளுக்குத் தள்ளி, மண்ணில் ஊற்றிவிடலாம்.

குழி வெட்ட இடம் இருந்தால், எந்த நீர்நிலையிலிருந்தும் 30 மீட்டராவது தள்ளி வெட்டுங்கள். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். வெட்டும்போதே தண்ணீர் ஊறினால் அந்த இடம் ஆகாது. பொதுவில் கட்டுகிறீர்கள் என்றால் 20 பேருக்கு ஒன்று என்ற கணக்கு, உள்ளே தாழ்ப்பாள், இரவில் வெளிச்சம். தாழ்ப்பாளும் வெளிச்சமும் இல்லாவிட்டால் பெண்களும் குழந்தைகளும் இருட்டில் அங்கே போக மாட்டார்கள், வேறு எங்காவது போவார்கள். அந்தக் கழிப்பறை கட்டியதே வீணாகிவிடும்.

கை கழுவும் இடம் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு கேனில் சிறு துளை போட்டு, கயிற்றில் தொங்கவிட்டு, காலால் மிதித்தால் சாய்வதுபோல் ஒரு குச்சியைக் கட்டிவிட்டால் கொஞ்சம் தண்ணீரிலேயே பலர் கழுவலாம். யாரும் கேனைக் கையால் தொட வேண்டியதில்லை. சோப்பைச் சேமித்து வையுங்கள். பண்டமாற்றுக்கும் அது நல்ல சரக்கு.

பேதி வந்தால்

ஒரே ஒரு மருத்துவத் திறமைதான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

1971இல் வங்கப் போர் அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. ஊற்றிக் கொடுத்தவர்களில் பெரும்பாலானவர்கள் எந்த மருத்துவப் பயிற்சியும் இல்லாத சாதாரண மனிதர்கள் என்பதுதான் எனக்கு இதில் முக்கியம்.

இந்தக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாதபோது வீட்டில் செய்யும் அளவு: சுத்தமான தண்ணீர் 1 லிட்டர், தலை தட்டிய டீஸ்பூனில் சர்க்கரை 6, உப்பு அரை டீஸ்பூன். கலந்ததும் நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரை விட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. கண்ணளவு இங்கே உதவாது, ஒரே ஸ்பூனையும் ஒரே பாத்திரத்தையும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு முறை வயிறு போனதும் 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் கேட்கும் அளவு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக மெதுவாகக் கொடுங்கள். வாந்தி எடுக்கிறது என்று நிறுத்திவிடுவதுதான் குழந்தையைக் கொல்கிறது. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரை கிடைத்தால் குழந்தைக்கு 10 முதல் 14 நாள், தினமும் 20 மில்லிகிராம். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 10.

கண் குழி விழுந்தால், குழந்தை துவண்டு எழுந்திருக்காமல் கிடந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் மடிப்பு அப்படியே மெதுவாக இறங்கினால், மலத்தில் ரத்தம் இருந்தால் நிலைமை கைமீறுகிறது. எவ்வளவு தூரத்தில் மருத்துவர் இருந்தாலும் கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள்.

காயம்

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து இரண்டு கையாலும் உடல் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் அப்படியே அழுத்த வேண்டும். கை காலில் பீறிட்டு வந்து அழுத்தத்துக்கும் அடங்காவிட்டால், காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டில் படாமல், அகலமான துணிப்பட்டையைக் கட்டிக் குச்சி செருகி முறுக்குங்கள். மெல்லிய கயிறு சதையை அறுத்துவிடும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கட்டின் மேலோ எழுதுங்கள். இடையில் தளர்த்திப் பார்க்கக் கூடாது.

சின்னக் காயத்தைக் கழுவும் முறையை இதைவிட முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் அது தினமும் தேவைப்படும். குடிக்கத் தகுந்த தண்ணீரைத் தடித்த பிளாஸ்டிக் பையில் ஊற்றி, மூலையில் ஊசித்துளை போட்டுப் பீய்ச்சியடித்து, மண்ணும் தூசும் போகும்வரை கழுவுங்கள். காயத்துக்குள் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள், அது நல்ல சதையையும் புண்ணாக்கும். ஆழமான அழுக்குக் காயத்தையும் கடிகாயத்தையும் தைத்து மூடக் கூடாது. அழுக்கு உள்ளேயே சீழ் பிடிக்கும். நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, தடுப்பூசி எங்கே இருக்கிறது என்று உடனே தேடுங்கள்.

இப்போதே செய்யக்கூடியது: டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் ஆகிவிட்டதென்றால் இந்த வாரம் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். பல்லில் ஓட்டை இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள்.

அடுப்பும் உணவும்

கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே வெளியே ஓட வேண்டும்.

எரிபொருளை மிச்சம் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பாத்திரத்தை நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி, போர்வைகள் திணித்த பெட்டிக்குள் வைத்துவிட்டால் அரிசியும் பருப்பும் தானாக வெந்துவிடும். ராஜ்மாவை மட்டும் அப்படி நேராக வைக்கக் கூடாது. அதில் உள்ள நச்சு மிதமான சூட்டில் போகாது. 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் கொதித்த பிறகே பெட்டிக்குள் போக வேண்டும்.

சேமிப்புக்குக் கணக்குத் தெரிய வேண்டும். ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,100 கலோரி என்று வைத்து, நிவாரணத்தில் கொடுக்கும் பங்கு ஏறத்தாழ இப்படி இருக்கும்: தானியம் 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, சத்துமாவு 50, கொஞ்சம் சர்க்கரை, உப்பு. இதை உங்கள் வீட்டு ஆட்களால் பெருக்கி 30 நாளுக்குப் போட்டுப் பாருங்கள். காற்றுப் புகாத, எலி கடிக்க முடியாத பாத்திரத்தில் வையுங்கள். வழக்கமாகச் சாப்பிடுவதையே வாங்கி, பழையதை முதலில் எடுத்து, புதியதைப் பின்னால் அடுக்குங்கள்.

தோட்டம் போடக் கற்றுக்கொள்வது அவசியம். ஆனால் முதல் பருவத்திலேயே அது வயிற்றை நிரப்பும் என்று நம்ப வேண்டாம். அதன் உடனடிப் பயன் கீரையும் காயும்தான், அதுவே உயிர் விஷயம். சோவியத் உதவி நின்ற பிறகு கியூபாவில் 1991 முதல் 1993 வரை 50,000க்கும் மேற்பட்டவர்களுக்கு நரம்பு பாதித்தது, பலருக்குப் பார்வை மங்கியது. உணவு குறைந்ததோடு அதில் பி வைட்டமின்களும் குறைந்துபோனது அதற்கு முக்கியக் காரணம். அரசு எல்லோருக்கும் வைட்டமின் மாத்திரை கொடுத்த பிறகு அது அடங்கியது. விலை குறைந்த மல்டிவைட்டமின் டப்பா ஒன்றை உங்கள் தானியத்தோடு வையுங்கள். விதை வாங்கும்போது கலப்பின விதையைத் தவிருங்கள். அதிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரியே விளையாது.

அக்கம்பக்கம்

ஜப்பானில் 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து உயிரோடு வந்தவர்களில் பெரும்பாலானவர்களை வெளியே இழுத்தது குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும்தான். அதே வருடம் ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலை வந்து வழக்கத்தை விட 739 பேர் அதிகமாக இறந்தார்கள். அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். கதவைத் தட்ட ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

இதைத் திறமை என்று யாரும் எண்ணுவதில்லை, ஆனால் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைதான் இது. ஒரு நோட்டில் பக்கத்து வீடுகளை எழுதுங்கள். யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு இன்சுலின் வேண்டும், யாருக்கு ஆக்சிஜன் இயந்திரம், யாருக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும், யாரிடம் பம்பும் ஏணியும் இருக்கின்றன. அவர்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். ஒளித்து எடுத்த பட்டியல் நம்பிக்கையைக் கெடுக்கும். தினமும் மாத்திரை எடுப்பவர் மருத்துவரிடம் பேசி ஒரு மாத இருப்பை வைத்துக்கொள்ளட்டும். மருந்தின் பெயர், அளவு, ரத்த வகை, ஒவ்வாமை எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். போன் எத்தனை நாள் ஓடும்?

ஆயுதத்தைப் பற்றி நான் எழுதவில்லையே என்று கேட்பீர்கள். சண்டை நடக்கும் இடத்தில் ஆபத்து உண்மையானது. 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்த, பாஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் மேல் குண்டு விழுந்தது. ஆனால் குண்டுக்கு எதிராகத் தனி மனிதனின் துப்பாக்கி என்ன செய்யும்? எந்தக் கிணறு எந்த நேரத்தில் பாதுகாப்பானது என்று சொல்லும் பத்து வீட்டுக்காரர்கள் அதை விடப் பெரிய காவல்.

ஒரு நாள் பழகிப் பார்ப்பது

படித்ததோடு விட்டால் கைக்கு வராது. விடுமுறை நாள் ஒன்றில் காலை முதல் மறுநாள் காலை வரை மெயின் சுவிட்சையும் தண்ணீர் வால்வையும் மூடுங்கள். வீட்டில் மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி இருந்தால் அதற்குரிய இணைப்பைத் தொடாதீர்கள். தண்ணீரை வெளியிலிருந்து தூக்கி வாருங்கள், வடிகட்டிக் கொதிக்க வையுங்கள், போர்வைப் பெட்டியில் சமையுங்கள், இரண்டு வாளி முறையைப் பயன்படுத்துங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், பத்து வயதுப் பிள்ளை உட்பட, தன் கையால் கலந்து ருசி பார்க்க வேண்டும். எத்தனை லிட்டர் செலவானது, எந்த மூடி காணவில்லை, எந்த டார்ச்சில் பேட்டரி இல்லை என்று உடனுக்குடன் எழுதுங்கள். குறைந்ததை அந்த வாரத்திலேயே வாங்கி வைத்துவிட்டு, அடுத்த முறை பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொண்டு இரண்டு நாளாகச் செய்யுங்கள்.